மனைவிக்குத் தெரியாத பொருத்தனை

சபையார் அந்தப் போதகருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் ஐஸ்பெட்டி. கோபம் வராது, சிரிப்பும் சட்டென்று வராது. கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் ஒரே முகம். ஆசையை அடக்குவதைப் பற்றி அவர் பிரசங்கம் செய்தால் பின்வரிசை இளைஞர்கள்கூடக் கைபேசியை மூடி வைப்பார்கள். சொல்கிறபடியே வாழ்கிற மனிதர் என்று ஊருக்கே தெரியும்.

எப்படி வாழ்கிறார் என்பது மனைவிக்குத்தான் தெரியும். அவள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவள். வீட்டில் அவளுக்கு ஓர் அறை, அவருக்கு ஓர் அறை. முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. தாயும் பிழைப்பாளா என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்துவிட்டார். எப்படியோ தேறி அவள் வீடு திரும்பிய அன்றே அவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கடைசியில் விட்டுவிட்டாள்.

ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. ஆலயத்தின் பின்னறையில் மறுநாளுக்கான வெள்ளை அங்கியை அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"காலர்ல இன்னும் சுருக்கம் போகலையே."

நிமிர்ந்தார். ஆலோசனை கேட்டு வருகிறவர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சில் ஒரு பெண். பார்த்த கண்ணை எடுக்க முடியாத அழகு. கதவைத் தட்டினீர்களா என்று கேட்க வாயெடுத்தவர் தரையைப் பார்த்தார். அப்போதுதான் துடைத்த ஈரத் தரையில் ஒரு காலடிகூட இல்லை. அவள் கூந்தலில் ஒரு சொட்டு மழைநீர் இல்லை.

"நீங்க யாரு?"

"நீ இத்தனை வருஷமா வராதே வராதேன்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தியே, அவதான்."

அவரை யாரும் நீ என்று கூப்பிட்டுப் பல காலம் ஆகிறது. ஆண்டவரின் பெயரைச் சொல்லி அவளை விரட்டினார். அவள் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, "முடிஞ்சுதா?" என்றாள்.

"என்ன வேணும் உனக்கு?"

"உனக்கு என்ன வேணும்னு கேக்கத்தான் வந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒரு பொருத்தனை பண்ணினே. அவளைப் பிழைக்க வை, இனிமே அவளைத் தொடமாட்டேன்னு. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அந்த வாக்கைப் பற்றி அவர் வாய்விட்டு எவரிடமும் சொன்னதில்லை.

"ஆசை இல்லாதவன் மாதிரி பேசுறே. அவ குளிச்சிட்டு தலை துவட்டுறப்ப நீ ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறே? போ, போய்த் தொடு."

"தொட்டா... அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

அவள் முன்னால் குனிந்தாள். "புருஷன் கை பட்டதுக்காகப் பொண்டாட்டியைக் கொல்லுற சாமியா உன்னோடது? அதையா கும்பிடுறே? விட்டுட்டு என்கூட வா. நான் யாரையும் கொல்லமாட்டேன்."

கை நீண்டது. அந்தக் கையைப் பிடிக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. அப்போது தீய்ந்த வாடை வந்தது. இஸ்திரிப் பெட்டியின் அடியில் அங்கி புகைந்துகொண்டிருந்தது. பதறி எடுத்துவிட்டுத் திரும்பினால் பெஞ்ச் காலி.

குடையை மறந்து நனைந்தபடியே வீட்டுக்கு ஓடினார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார், வந்தவளின் அழகு உட்பட. கடைசியில் பொருத்தனையையும் சொன்னார்.

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"குழந்தையைத் தக்க வைக்கத் தெரியாதவன்னு என்னை வெறுத்துட்டீங்கன்னு நினைச்சேன். இத்தனை நாளும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"நீ பிழைக்கணும்னுதான்..."

"என் உசிரை வெச்சு நீங்க பேரம் பேசினீங்க. எனக்குத் தெரியாம. இதை உங்களுக்குச் சொல்ல ஒரு மோகினி வரவேண்டியிருக்கு!" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நான் சொன்னப்பல்லாம் காதுல விழலை. அவ அழகா இருந்தாளோ, உடனே விழுந்துடுச்சு."

அவர் தலை துவட்டத் துண்டைக் கொடுத்தாள். அவர் துண்டை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தார். அன்றைக்கு அவ்வளவுதான். பல நாள் கழித்துத் தலையணை பழைய அறைக்குத் திரும்பியது.

அதன்பின் அவருக்கு நிம்மதி வந்தது என்று சொல்வதற்கில்லை. அவள் இருமினால் அவர் முகம் வெளுத்தது. படியில் மூச்சு வாங்கினால் டாக்டரிடம் போகலாமா என்று நச்சரித்தார். "நான்தான் பத்துப் பேர் ரத்தத்தைப் பார்க்கிறவ. சும்மா இருங்க" என்று அதட்டுவாள்.

மழைக்காலம் முடியும்போது அவளுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மதியம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் பேச்சு குழறத் தொடங்கியதும் அவர் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார். அறை வாசலில் அந்தப் பெண் நின்றாள்.

"நான்தான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள் கனிவாக. "மறுபடி பொருத்தனை பண்ணிடு. இப்பவே. பிழைச்சுக்குவா."

வார்த்தைகள் அவர் நாக்கின் நுனிக்கே வந்துவிட்டன. எவ்வளவு சுலபம்! மனைவியைப் பார்த்தார். ஊசி ஏற்றியிருந்த கை பக்கத்தில் கிடந்தது. அதை மெல்லத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஆண்டவரே, பயமா இருக்கு. இவ எனக்கு வேணும்" என்றார் சத்தமாக. "கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை. கேக்க மட்டும்தான் வந்திருக்கேன்."

வாசலில் நின்றவள், "அவ போயிட்டான்னா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. உள்ளங்கை வேர்த்து, அந்த ஈரத்தில் மனைவியின் விரல்கள் வழுக்கின. ஆண்டவரிடமிருந்து பதில் வராதா என்று வெகுநேரம் காத்திருந்தார். நர்ஸ் மருந்துத் தட்டோடு வாசலைக் கடந்து உள்ளே வந்தபோது அங்கே யாரும் இல்லை.

காய்ச்சல் இறங்கப் பல நாள் பிடித்தது. அவள் வீடு வந்து சேர்ந்தாள், இளைத்து, முணுமுணுத்துக்கொண்டு. போதகர் ஆசையைப் பற்றிப் பிரசங்கம் செய்வதை நிறுத்திவிட்டார். பயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேசும்போது அடிக்கடி திக்குகிறது, பின்வரிசையில் அந்தப் பெண்ணின் முகத்தைத் தேடுவதுபோலக் கண் அலைகிறது. இப்போதெல்லாம் சபையார் அவரை ஐஸ்பெட்டி என்று கூப்பிடுவதில்லை.