கால் போட்ட அழுத்தம்

நீளமான இங்கிலீஷ் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டை அழுத்திச் சொல்வதென்று காட்டுவதே பதுளையில் என் பிழைப்பு; தொண்டை கிழியக் கத்திய வாத்தியார்களே, அந்தப் பாடு உங்களுக்குத் தெரியும்.

மேல்மாடி வகுப்பு

கத்திப் பார்த்தேன், பலிக்கவில்லை. பிறகு ஒரு வழி பிடித்தேன். ஒவ்வொரு துண்டாகச் சொல்ல வேண்டும். அழுத்தம் வரும் துண்டில் வலது காலால் தரையை உதைக்க வேண்டும். 'இன்-ஃபர்-மே-ஷன்' என்றால் 'மே'யில் ஓர் உதை. கடைவீதியில் ஒரு செட்டியார் வீட்டு மேல்மாடியில் வகுப்பு. பலகைத் தரை. பிள்ளைகள் உதைத்த உதையில் கீழே கடைச் சீனி மூட்டைமேல் தூசி கொட்டியது. செட்டியார் படியேறி வந்தார்.

"ஐயா, இங்கிலீஷ் வரட்டும், மச்சு கீழ வராம பாத்துக்கங்க."

கிளாக்கர் வீடு

பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் சவரிமுத்து கிளாக்கர் வேலைக்குப் புதிதாக வந்திருந்தார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் நிலை பற்றிய அறிக்கையைச் சனிக்கிழமை தோட்டத்துத் துரை முன் இங்கிலீஷில் வாசிக்க வேண்டும். அதற்குச் சொல்லிக்கொடுக்க அவர் வீட்டுக்குப் போய்வந்தேன். தடுமாறினால் வேலையும் போகும், வேலையோடு கொடுத்த வீடும் போகும். மனைவி மரியம்மாவுக்கு நிறைமாதம்.

'அ-கொ-மொ-டே-ஷன்' என்ற சொல்தான் அவருக்கு எமன். காலை உதைத்தால் சரளமாக வந்தது. உதைக்காவிட்டால் 'மொ'விலேயே நின்றது. துரை முன்னால் குடையை மடக்காததற்கே ஒருவனை விரட்டிய தோட்டம் அது. என் வித்தை ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிடும் போலிருந்தது.

மரியம்மா கதவோரம் நின்று கேட்டாள். "தூக்கத்துலகூட ஒதைக்கிறாருங்க. துரை முன்னாடி ஒதைச்சுட்டா நாங்க எங்கங்க போறது?"

ஆபீஸ் வாசல்

சனிக்கிழமை நானும் போனேன். குடையை மடக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றேன். சவரிமுத்து நன்றாகத்தான் வாசித்தார். அந்தச் சொல் வந்தது. "அ-கொ-மொ..." அத்தோடு நின்றுவிட்டார். கால் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, காலை அடக்கிக்கொண்டிருந்தார். துரை பேனாவைக் கீழே வைத்தார்.

தடாலென்று ஒரு சத்தம். "டேஷன்!" என்றார் சவரிமுத்து. மிச்சத்தையும் மளமளவென்று வாசித்து முடித்தார்.

"யார் கால் அது?" என்றார் துரை.

"என் காலுங்க, துரை," என்றேன். வாசலில் நின்று உதைத்தது நான்தான்.

துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தமக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

"அவன் நல்லா வாசிக்கிறான், வேலை பாக்கட்டும். நீ இனி இந்தத் தோட்டத்துல கால் வைக்காதே."

சவரிமுத்துவுக்கு வீடு நிலைத்தது. நான் இப்போது தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றுதான் அவருக்குப் பாடம் சொல்கிறேன், இங்கே எவ்வளவு வேண்டுமானாலும் உதைத்துக்கொள்ளலாம், ரோடு சர்க்காருடையது.