தொரை வாட்ச்

எங்கள் வீட்டுச் சமையலறையில், டீ ஆற்றிக் குடிக்கிற சாஸரில், ஒரு வாட்ச்சின் டயல் மட்டும் தனியாகக் கிடந்தது. கண்ணாடி இல்லை, முள் இல்லை, பட்டை இல்லை. பால் வெள்ளையாக ஒரு வட்டம், நடுவில் ஒரு ஓட்டை, சுற்றிலும் எண்கள். என் அப்பா, நைனா, ஈர்க்குச்சியின் முனையில் பஞ்சைச் சுற்றி, கறுத்த டீ டிகாக்‌ஷனில் தொட்டுத் தொட்டு அதன் மேல் ஒற்றிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை பகல், பள்ளிக்கூடம் லீவு. அரிசி களையப் போன நான் சொம்போடு அப்படியே நின்றுவிட்டேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. பார்த்த உடனே புரிந்துவிட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்கு அந்த அதிர்ச்சி அடங்கவில்லை. கோபமும் அடங்கவில்லை.

என் நைனா சித்தூரில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், சபையில் மூப்பர். பக்கத்துப் பையனைப் பார்த்துக் கணக்கு எழுதினான் என்று ஒரு பையனின் கை வீங்குகிற அளவுக்கு அடித்தவர். ரோட்டில் கிடந்த ஒரு குடையை எடுத்துவந்து, மூன்று ஞாயிறு கோவில் வாசலில் மாட்டிவைத்து, சொந்தக்காரனைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர். அப்படிப்பட்ட மனுஷர்தான் புது வாட்ச்சைப் பழசாக்கிக்கொண்டிருந்தார். அதுவும் என் கல்யாணத்துக்காக.

அசல் வாட்ச் என் தாத்தாவுடையது. அவர் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டர் ஊருக்குத் திரும்பிப் போன அன்றைக்குத் தன் கையிலிருந்து கழற்றி தாத்தாவின் கையில் கட்டினாராம். அன்றிலிருந்து அதற்குத் தொரை வாட்ச் என்று பெயர். தாத்தாவுக்குப் பிறகு நைனா ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதைக் கட்டுவார். டயல் வெந்தய நிறத்துக்கு மாறியிருந்தது. சபையில் அதைத் தெரியாதவர் கிடையாது. ஒரு ஞாயிறு திருப்பதி பஸ் ஸ்டாண்டு நெரிசலில் எவனோ அதை அறுத்துக்கொண்டு போய்விட்டான். நைனா யாரிடமும் சொல்லவில்லை. ஸ்பிரிங் பலவீனமாகிவிட்டது, பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நான்கு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் நம்பினோம்.

அப்போதுதான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். புத்தூர்க்காரர், திருப்பதியில் கரண்ட் ஆபீஸில் வேலை. அவருடைய அப்பாவுக்குச் சின்ன வயதில் குடல் முறுக்கிக்கொண்டு, பிழைக்கமாட்டான் என்று எல்லாரும் கைவிட்டபோது, அந்த டாக்டர்தான் ஆபரேஷன் செய்து காப்பாற்றியிருக்கிறார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் சொன்னார்: "சீரு கீரு ஒண்ணும் வாணாம் வாத்தியாரே. அந்தத் தொரை வாட்ச்சை மட்டும் என் புள்ள கையில கட்டிடுங்க, போதும். என் நாடியைப் புடிச்சிக்கினு தொரை பாத்த வாட்ச் அது." அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், தொலைந்துவிட்டது என்று நைனா சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். "ஆவட்டுங்க" என்றார்.

கடைத்தெருவில் அதே கம்பெனி வாட்ச் ஒன்று ரிப்பேர்காரரிடம் கிடைத்தது. ஆனால் டயலுக்குப் புது பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார். பழசு போல ஆக்கித் தரமுடியுமா என்று நைனா கேட்டதற்கு, "பழசை புதுசு பண்றதுதான் சார் என் தொழிலு. புதுசை பழசு பண்றது நமக்கு ராது, வராது" என்று சிரித்தாராம். டயலையும் முட்களையும் கழற்றி ஒரு பொட்டலத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார், தூக்கிப் போட வைத்திருந்த நாலைந்து பழைய டயல்களையும் சேர்த்து. நைனா அவற்றில்தான் பழகினார். டீயில் ஊறவைத்த முதல் டயலில் எண்கள் உரிந்து வந்துவிட்டன. இரும்புச் சட்டியில் மணல் கொட்டிச் சூடாக்கி, அதன் மேல் வைத்த இரண்டாவது டயல் கொப்புளம் கொப்புளமாக வெடித்துவிட்டது. அதன்பிறகு சூட்டைக் குறைத்தார். இளஞ்சூட்டு மணலில் வைத்து டயலின் மேல்பூச்சை மெதுவாக மஞ்சளாக்கி, ஆறவைத்து, டீயை ஒற்றி, வெயிலில் காயவைத்து, மறுபடி ஒற்றினார். ஓரங்களில் அழுத்தமாக, நடுவில் லேசாக. முட்களை வினிகரும் உப்பும் போட்ட ஊறுகாய் ஜாடிக்குள் நூலில் கட்டித் தொங்கவிட்டு மூடினார். மறுநாள் எடுத்துப் பார்த்தால் பொடிப் பொடியாகத் துரு. துணியில் எண்ணெய் தொட்டு அதைத் துடைத்தார். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் பயிற்சி நோட்டு திருத்துகிற அதே பொறுமை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு நன்றாகச் செய்கிறாரே!

"டிகாக்‌ஷன் தண்ணியா கீது. கெட்டியா போட்டுக்கினு வா" என்றார் என்னைப் பார்க்காமல்.

"இது பொய்யில்லியா நைனா?"

"நான் வாயால இன்னா சொன்னேன்? வாட்ச்சு கேட்டாங்க, வாட்ச்சு கட்டறேன்."

நான் அடுப்பை மூட்டி டிகாக்‌ஷன் போட்டுக் கொடுத்தேன். எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. வேறு காரணம் தேட வேண்டாம்.

கல்யாணத்தன்று கோவிலில் எல்லார் முன்னாலும் நைனா தன் கையிலிருந்து அதைக் கழற்றி மாப்பிள்ளை கையில் கட்டினார். மாமனார் மகனின் மணிக்கட்டைப் பிடித்து வரிசையாக எல்லாருக்கும் காட்டினார். ஆஸ்பத்திரியில் முன்பு வார்டு பாயாக இருந்த ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றி உற்றுப் பார்த்துவிட்டு, "இதோ பாரு, மூணாம் நம்பர்கிட்ட கறை. அயோடின். ஆபரேசன் பண்ணச்சே சிந்திச்சி. நான்தான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன்" என்றார். அது முந்தின சனிக்கிழமை நைனா ஒற்றிய டீ. நைனா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தோம். மாமியார் இறந்த பிறகு மாமனாரும் எங்களோடு வந்துவிட்டார். விக்கிரகம் கூடாது என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்கிற மனுஷர், வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த வாட்ச்சை எடுத்து அவர்கள் கையில் வைத்து ஜெபம் பண்ணுவார். எனக்குப் பிரசவ வலி எடுத்தபோது என் மணிக்கட்டிலேயே கட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது வலியால் மட்டும் அல்ல. வருஷத்துக்கு ஒரு முறை நைனா சித்தூரிலிருந்து வந்து, அதே ரிப்பேர்காரரிடம் எண்ணெய் போட வேண்டும் என்று வாங்கிப் போய்த் திருப்பிக் கொண்டுவருவார். வேறு எவன் கையிலும் கொடுக்காதீர்கள் என்பார். குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம் என்றே நினைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நைனாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறிவிட்டது. அந்த வருஷம் வாட்ச் நின்றுபோனது. என் வீட்டுக்காரர் திருப்பதியிலேயே ஒரு கடைக்கு எடுத்துப் போனார். நானும் கூடவே ஓடினேன். கடைக்காரர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பார்த்தவர், மெஷினை விட்டுவிட்டு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், லோபல ஏதோ எழுதிக் கீது. அரவம். எனக்கு ராது, நீங்களே சதவண்டி" என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்லி லென்ஸை நீட்டினார். உள்ளே தமிழில் எழுதியிருக்கிறதாம், அவருக்குப் படிக்க வராதாம். என் வீட்டுக்காரர் மூடியை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார், வாய்விட்டு: "இது தொரை வாட்ச் அல்ல. அது களவு போயிற்று. இது நான் செய்தது. ஆண்டவரே, மன்னியும்."

ஊசியால் கீறிய எழுத்து. நைனாவின் கையெழுத்து. டயல் பற்றி எனக்குத் தெரியும், முள் பற்றித் தெரியும். இது தெரியாது. இத்தனை வருஷமும் என் புருஷன் கையில், என் பிரசவத்தில் என் கையில், அந்த வரிகள் தோலோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கின்றன.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கொஞ்ச தூரம் நடந்தார். "எங்கப்பாகிட்ட நான் சொல்லமாட்டேன். உங்க நைனா சபையில கட்டினாரு, சபையிலியே சொல்லட்டும். அதுவரிக்கும் நீ சித்தூர்லியே இரு."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு மாதம் நைனாவுக்குக் கஞ்சி ஊட்டினேன், உடம்பு துடைத்தேன், திட்டினேன். படுத்த படுக்கையாகக் கிடந்தவரைத் திட்டியதற்கு எனக்கு வெட்கம் இல்லை. அவர் குழறலாகச் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "எழுதி வச்சேனே. மறைக்கலியே." அந்தப் பதிலைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. போலி செய்ததை மன்னித்துவிடலாம். மகள் கல்யாணம் நின்றுவிடுமே என்று பயந்த மனுஷன் அவர். ஆனால் செய்துவிட்டு, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் எழுதி மூடிவிட்டு, ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். தன்னைக் கழுவிக்கொண்டு அழுக்குத் தண்ணீரை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"தொறக்காத எடத்துல எழுதினா அது சொன்னதாவுமா நைனா?" என்று கேட்டேன். இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். கையை எடுத்துவிட்டு, "கோவிலுக்குக் கூட்டிக்கினு போ" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரை நாற்காலியோடு தூக்கி முன்னால் வைத்தார்கள். எதற்கு என்று சொல்லாமல் என் வீட்டுக்காரர் தன் அப்பாவைத் திருப்பதியிலிருந்து அழைத்து வந்திருந்தார். நைனாவின் பேச்சு எனக்கு மட்டும்தான் புரியும். அவர் ஒரு வாக்கியம் சொல்ல, நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். வாட்ச் களவு போனது. வேறொன்றை வாங்கியது. வீட்டில் வைத்துப் பழசாக்கியது. மாமனார் மகனுடைய கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், அதற்குப் பிறகு கண்ணை எடுக்கவில்லை. கடைசியாக நைனா ஒன்று சொன்னார். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

அவர் சொன்னது: "என் பொண்ணுக்கு இது ஒண்ணும் தெரியாது."

மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில், அதே மூச்சில், எனக்காக இன்னொரு பொய். நான் அதைத் திருப்பிச் சொல்லியிருந்தால் அங்கே தப்பித்திருப்பேன். என் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான் உண்மை தெரியும், அவர் வாயைத் திறக்கமாட்டார். ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது.

"எனக்கும் தெரியும்னு சொல்றாரு" என்றேன். "கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். நானும் கூட இருந்தேன்."

நைனா இடது கையால் என் புடவையைப் பிடித்து இழுத்தார். வாயில் எச்சில் வழிய, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். அது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. யாரும் அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

அன்று சாயங்கால பஸ்ஸில் என் வீட்டுக்காரர் என்னைத் திருப்பதிக்கு அழைத்துப் போனார். நைனா அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. சாவுக்கு மாமனார் வந்தார், மண் போட்டார். அதன்பிறகும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஆனால் என் கையிலிருந்து காபி வாங்கமாட்டார். டேபிள் மேல் வைத்துவிட்டு நான் நகர்ந்த பிறகுதான் எடுப்பார். பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே.

இப்போது என் வயது நைனாவைத் தாண்டிவிட்டது. புது வாட்ச்சை டீயில் போட்டுப் பழசாக்குவது இன்றைக்குப் பொழுதுபோக்காம். எப்படிச் செய்வது என்று என் மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள், சிரித்துக்கொண்டே. செய்துகொள்ளட்டும். அவரவர் கையில் அவரவர் கட்டிக்கொண்டால் எனக்கென்ன. நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது மாமனாரின் கடைசி மாதம். கண் முழுக்கப் போய்விட்டது. ஒரு நாள் காலையில் வழக்கம்போல காபியை டேபிளில் வைக்கக் குனிந்தேன். கையை நீட்டினார். கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். கொடுப்பது நான்தான் என்று தெரியுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.