குகைக் காவலாளியோடு எனக்குக் கதைபேச்சு இல்லை

இன்று பின்னேரம் முழுக்க ஒரு குகைக்குள் அடைபட்டுக் கிடந்தேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான்.

பேத்தி தாரணி கதை விளையாட்டு நடத்துகிறாள். அவள் கதை சொல்ல, நாங்கள் அதற்குள் ஆட்களாகி, பகடை உருட்டி, என்ன செய்கிறோம் என்று சொல்லவேண்டும். போனமுறை சொந்தமாகக் கதை கட்டி நடுவில் திகைத்து நின்றாள். சிநேகிதிகள் பாதியில் எழும்பிப் போய்விட்டார்கள்.

"இண்டைக்கும் கதை பிழைச்சுப்போனால் இனி நடத்தமாட்டன், அம்மம்மா."

இம்முறை அச்சடித்து விற்கிற கதைப் புத்தகம் ஒன்றை வாங்கியிருந்தாள். எந்த அறையில் யார், அவன் எப்படிப்பட்டவன் என்று எல்லாம் அதில் உண்டு. ஒருத்தி வராததால் என்னையும் இருத்தினார்கள்.

கதையில் வந்த குகைக் காவலாளி (அவனுக்கும் தாரணிதான் குரல்) நல்லவன்போல் எங்களை உள்ளே விட்டு, கதவைப் பூட்டிவிட்டான்.

"அவனோடை நயமாய்க் கதையுங்கோ அம்மம்மா, திறப்பான்" என்றாள் சிநேகிதி மதுரா.

"ஏமாத்தினவனோடை எனக்கென்ன கதை? கதவைத் திறக்கச் சொல்லி நீ உவனிட்டைச் சொல்லு, பிள்ளை."

தாரணி புத்தகத்தைப் புரட்டினாள். போனமுறைபோல் இதுவும் நடுவில் நின்றுவிடுமோ என்றிருந்தது எனக்கு. நான் இப்படிச் சொல்வேன் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கும்? ஆனால் காவலாளி பெரிய ரோசக்காரன் என்று அதில் இருந்ததாம். அது போதுமாயிருந்தது அவளுக்கு. குரலைத் தடிப்பாக்கினாள்.

"அந்த மனுசியிட்டைச் சொல்லு பிள்ளை, அவ வாய்திறந்து கேக்காமல் நான் திறக்கமாட்டன்."

பெட்டைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருட்டும்வரை ஒருத்தியும் எழும்பவில்லை. ஞாயிறும் வருகிறார்களாம்.

நாங்கள் இன்னும் உள்ளேதான். அவனிடம் ஒரு சொல் கேட்டால் என்ன என்று எல்லோரும் என்னைத்தான் நெருக்குகிறார்கள். பூட்டினவன் அவன். முதலில் யார் கதைக்கவேண்டும், நீங்களே சொல்லுங்கள்.