சதி எந்த மொழியில் நடந்தது?

வார்டன் அக்காவின் வலது கட்டைவிரலை அந்தக் கைரேகைக் கருவி ஒருபோதும் முதல் தடவையில் ஏற்றுக்கொண்டதில்லை. சோப்புத் தண்ணீரும் பினாயிலும் அரித்து ரேகைகள் தேய்ந்துபோன விரல் அது. மில் வாசலுக்கு எதிரே இருந்த செல்போன் கடையில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், அதைச் சேலைத் தலைப்பில் துடைத்து, எண்ணெய்த் தலையில் ஒரு தேய் தேய்த்து, மறுபடியும் கண்ணாடியில் வைத்து அழுத்துவார். பச்சை விளக்கு எரிந்ததும் சுற்றி நிற்கும் ஒடிசாப் பெண்கள் கைதட்டுவார்கள். "தட்டுனது போதும், ஊட்டுக்குப் பேசுங்க புள்ளைகளா. அழுவாச்சி வந்தா வெளிய போயி அழுவோணும், கடைக்காரரு பாவம்" என்பார். ஒரு சொல்லும் விளங்காமலே அவர்கள் சிரிப்பார்கள். விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் அவர் பெயரில் ஒரு சிம் கார்டு பிறந்தது. அவற்றில் ஒன்றுதான் பிற்பாடு அவரைக் கஞ்சா கடத்தல் வழக்கில் கூட்டுச்சதிக் குற்றம் சாட்டப்பட்டவராக ஆக்கியது.

சமூகப் பணியில் முதுகலை முடித்த கையோடு பல்லடம் சாலையில் இருந்த அந்த நூற்பாலையில் நல அலுவலராகச் சேர்ந்திருந்தேன். வார்டன் அக்கா போத்தனூர்க்காரர், கணவரை இழந்தவர், நர்சிங் படிக்கும் ஒரு மகள். பெண்கள் விடுதி முழுவதும் அவர் பொறுப்பு. வடக்கிலிருந்து வந்த பெண்களில் பெரும்பாலோரின் ஆதார் அட்டை அவர்களை அழைத்துவந்த தரகர்களிடம் இருந்தது. அட்டை இல்லாமல் சிம் கிடையாது. வீட்டோடு பேச முடியாத பெண் ஒரு மாதத்தில் அழுதுகொண்டே ரயிலேறிவிடுவாள். பழக்கிய கை போனால் நூல் சுற்றும் ஸ்பிண்டில் நிற்கும். மாதாந்திரக் கூட்டத்தில் மேலாளரே இதைச் சொன்னார்: "போன் இருந்தா புள்ளைங்க நிக்குமுங்க. வார்டனம்மா, உங்க பேருல வாங்கிக் குடுத்துப்போடுங்க, நாம பாத்துக்கலாம்." நானும் அந்த மேசையில் இருந்தேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் விடுதி நடத்திய ஆலைகள் பலவற்றில் இதுவே நடைமுறை. சட்டப்படி அது தவறுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தத் தவறின் பலனை ஆலை அனுபவித்தது. பெயர் மட்டும் அக்காவுடையது.

ஒரு பெண் திருவிழாவுக்கென்று ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. போனும் சிம்மும் அவளோடு போயின. வாரக் கடைசியில் அதே எண்ணிலிருந்து அக்காவை அழைப்பாள். விடுதியில் கற்ற அரைகுறைத் தமிழில், "வார்டன் அம்மா, சாப்பிட்டாச்சா? இங்க மழை" என்பாள். அக்காவும் சில நாள் தாமே அழைத்து, "எப்ப கண்ணு வருவே? உன்ற கட்டில இன்னும் யாருக்கும் குடுக்கலே" என்பார். அந்த வீட்டில் அது ஒன்றுதான் போன். மற்ற நேரங்களில் அவளுடைய அண்ணன் எடுத்துச் சென்றான். சில மாதங்கள் கழித்து, கோவைக்கு வரும் ரயிலில் அந்த அண்ணன் இன்னும் இருவரோடு கஞ்சா மூட்டைகளுடன் பிடிபட்டான். அவன் சட்டைப்பையில் இருந்த போனின் எண் யார் பெயரில் இருக்கிறது என்று போலீஸார் பார்த்தார்கள். அந்த எண்ணுக்கும் அக்காவின் எண்ணுக்கும் இடையே மாதக்கணக்கில் அழைப்புகள். விசாரணை அவர்களுக்கு அத்தோடு முடிந்துவிட்டது.

அவர்கள் விடுதிக்கு வந்தபோது அக்கா காலை ஷிப்டுக்குப் போகும் பெண்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு பெண்ணைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "எந்தப் புள்ளைங்க? என்னாச்சுங்க?" என்று பதறினார். "நீதாம்மா, கெளம்பு" என்றார்கள். கையிலிருந்த கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, "அம்மணி, ராத்திரி ஷிப்டு புள்ளைங்களுக்குப் பால் எடுத்து வெச்சிருக்குது, சொல்லிப்போடுங்க. வந்தர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் வந்துவிடுவார் என்றே நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

அவருடைய மகளும் நானும் வழக்கறிஞர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். எரிச்சலோடு பேசுகிற, ஆனால் எந்தக் காகிதத்தையும் படிக்காமல் விடாத மனிதர். அவர் சொன்ன முதல் வாக்கியமே எங்களை உலுக்கியது. "ஜாமீனை மறந்துடுங்க. கொலைக் கேசுன்னாக்கூட வாங்கித் தந்துடுவேனுங்க." பிடிபட்ட எடை சட்டம் சொல்லும் வணிக அளவை, கஞ்சாவுக்கு இருபது கிலோவை, தாண்டிவிட்டால், குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றம் முதலிலேயே கருதியாக வேண்டும், அப்போதுதான் ஜாமீன். விசாரணையின் முடிவில் தெரியவேண்டியதை விசாரணைக்கு முன்பே காட்ட வேண்டும். மூட்டையைத் தொட்டவனுக்கு என்ன தண்டனையோ, சதியில் பங்கு என்று எழுதப்பட்டவருக்கும் அதே தண்டனை. குறைந்தது பத்து ஆண்டுகள். இதை வழக்கறிஞர் விளக்கியபோது அக்காவின் மகள் தன் கல்லூரிப் பையின் வாரை முறுக்கிக்கொண்டே கேட்டாள்: "எங்கம்மா அந்த மூட்டையப் பாத்ததே இல்லீங்களே சார்?" "பார்த்திருக்க வேண்டியதில்லீங்க" என்றார் அவர்.

கஞ்சாவை எதிர்த்து எழுந்த சட்டத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. பள்ளிக்கூட வாசல் வரை அந்தப் பொட்டலம் வந்துவிட்டதை இந்த மாவட்டத்தில் வேலை செய்கிற எவரும் அறிவர். படிப்பை விட்டு, கண் சிவந்து, தாயின்மேல் கையோங்கும் பையன்களின் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். இத்தகைய குற்றத்துக்குக் கடுமையான சட்டம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடுமையான சட்டத்தைக் கையில் எடுப்பவருக்குக் கடுமையான உழைப்பும் கடமையல்லவா? மூட்டையைக் கட்டியவன் யார், பணம் போட்டவன் யார், கோவையில் இறக்கிக்கொள்ளக் காத்திருந்தவன் யார் என்று தேடிப்போக ஒருவரும் மெனக்கெடவில்லை. போன் நிறுவனம் ஒரு பெயரைக் கொடுத்தது. அந்தப் பெயருக்கு ஒரு முகவரி இருந்தது. அந்த முகவரியில் ஓடத் தெரியாத ஒரு பெண்மணி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எளிதில் கிடைப்பவரே குற்றவாளி என்றால் தேடுவதற்கென்று ஒரு துறை எதற்கு?

அதைவிட என்னைக் கொதிக்க வைத்தது மேலாளரின் வாக்குமூலம். "சிம் வாங்கிக் குடுத்தது அந்தம்மாவோட சொந்த விசயம், நிர்வாகத்துக்குத் தெரியாது" என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். நேரில் கேட்டேன். "நீங்க படிச்சவங்க, புரிஞ்சுக்கோணும். மில்லு பேரு கேசுல வந்துச்சுன்னா ஆர்டரு போயிருமுங்க. இத்தன பேரு பொழப்பு இருக்குதில்லீங்களா?" என்றார். பலருடைய பிழைப்பைக் காக்க ஒருவரைக் கொடுத்துவிடலாம் என்ற கணக்கு அவருக்குக் கூச்சம் தரவில்லை. பின்னாளில் நான் அக்காவின் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறி, அந்தக் கூட்டத்தில் என் காதால் கேட்டதைச் சொன்னேன். அதற்கு முந்தைய வாரமே வேலையை விட்டிருந்தேன். விடாவிட்டால் அவர்களே அனுப்பியிருப்பார்கள்.

சிறையில் அக்கா இரண்டு கிறிஸ்துமஸைக் கழித்த பிறகுதான் விசாரணை அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யும் நாள் வந்தது. நான் பார்வையாளர் இருக்கையில் இருந்தேன். வழக்கறிஞர் ஒரு காகிதத்தைப் புரட்டிக்கொண்டே, ஏதோ மறந்துபோன சில்லறை விஷயம் போலக் கேட்டார்.

"அந்தப் பையனோட வாக்குமூலத்தை நீங்களே வாங்குனீங்களா?"

"மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர வெச்சுத்தானுங்க."

"ஏனுங்க?"

"அவனுக்குத் தமிழ் தெரியாது. ஒடியா மட்டுந்தான்."

"சரிங்க. எங்க கட்சிக்காரருக்கு ஒடியா தெரியுமான்னு விசாரிச்சீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப ரெண்டு பேரும் மாசக்கணக்கா எந்த மொழியில சதி பண்ணுனாங்க?"

நீதிமன்றத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சைகையில பேசியிருக்கலாமுங்க" என்றார்.

"போன்லயாங்க?"

அமைதி காக்கச் சொன்ன நீதிபதியே சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார். கூண்டில் நின்ற அக்காவும் சிரித்தார். கடைசியாக அவர் சிரித்து நான் பார்த்தது செல்போன் கடையில். அந்தப் பெண்ணே இருவருக்கும் இடையில் பேசியிருக்கலாம் என்று அரசுத் தரப்பு எழுந்தது. அப்படியென்றால் அவளை ஏன் விசாரிக்கவே இல்லை என்று வழக்கறிஞர் கேட்டதும் அது உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சிரித்து முடித்த பிறகு எனக்கு ஆத்திரம்தான் மிஞ்சியது. முதல் நாளே, தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றே கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. அதைக் கேட்பதற்கு இந்த நாடு ஒரு பெண்மணியின் இரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொண்டது.

அக்காவை விடுவித்தார்கள். தீர்ப்பின் இறுதியில், சந்தேகத்தின் பலன் அளிக்கப்பட்டு விடுதலை செய்யப்படுகிறார் என்று இருந்தது. வழக்கறிஞர், "அது வழக்கமா எழுதறதுதானுங்க, கண்டுக்காதீங்க. வெளிய வந்தாச்சில்ல?" என்றார். அக்கா கண்டுகொண்டார். "இத்தனை சொல்லியும் இன்னும் சந்தேகமுங்களா?" என்று ஒருமுறை கேட்டார்.

சென்ற மாதம் அக்கா பழைய வேலையைக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். துணைக்கு நானும் போனேன். விடுதிச் சுவரில், யாரும் தம் பெயரில் பிறருக்கு சிம் வாங்கித் தரக்கூடாது என்று புதிதாக அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். புதிய வார்டன் தன் போனை இடுப்பில் செருகியபடி உட்கார்ந்திருக்க, ஊருக்குப் பேச வேண்டிய பெண்கள் அந்த ஒரு போனுக்காக எதிரே நின்றிருந்தார்கள்.

மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்கம்மா, ரொம்பச் சந்தோசமுங்க. ஆனா பாருங்க, தீர்ப்புல சந்தேகத்தோட பலன்னு போட்டுருக்குதுங்க. வெளிநாட்டுக் கஸ்டமருங்க ஆடிட்டுக்கு வாராங்க. கம்பெனின்னா நாலையும் யோசிக்கோணுமில்லீங்களா?"

அக்கா அவருடைய அறையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தார்.

"அது கோர்ட்டோட சந்தேகமுங்க சார். உங்களுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

மேலாளர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "சேச்சே, என்னங்கம்மா இப்படிக் கேக்கறீங்க? உங்களப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா?"

"அத அங்க வந்து சொல்லியிருக்கலாமுங்களே."

குரல் உயரவில்லை, மரியாதையும் குறையவில்லை. மேலாளர் தேநீர் கொண்டுவரச் சொல்ல மணியை அழுத்தினார். அது வருவதற்குள் அக்கா எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். வேலையைப் பற்றி அவர் அதன்பின் கேட்கவே இல்லை.