மேரி வாசலில் ஒட்டாத பெயர்

அந்த அம்மாள் சினிமாவில் எத்தனை முறை கல்யாணம் செய்துகொண்டார் என்பது எங்கள் தெருப் பெண்களுக்கு அத்துப்படி. எந்தப் படத்தில் யார் தாலி கட்டினார், எந்தப் படத்தில் முகூர்த்த நேரத்தில் போலீஸ் வந்தது, எல்லாம் சொல்வார்கள். நிஜமாக நடந்த ஒரே கல்யாணத்தைப் பற்றி மட்டும் ஒருத்திக்கும் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன கிழித்தேன்?

அப்போது நான் காரைக்காலில் ஒரு பள்ளியில் பிரெஞ்சு டீச்சராக இருந்தேன். பாடம் நடத்தியதைவிடப் பாரம் நிரப்பியதுதான் அதிகம். பிரான்சிலிருந்து ஏதாவது தாள் வந்தால் நேரே என் வீட்டுக்கு எடுத்து வருவார்கள். படித்துச் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஒளிப்பானேன், அந்தக் கும்பிடு எனக்குப் பிடித்திருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த அம்மாள் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். நாடகக் கம்பெனியில் வளர்ந்து, ஐம்பதுகளில் கதாநாயகியாகக் கொடிகட்டிப் பறந்தவர். பிறகு அக்கா வேடம். அதற்கும் பிறகு, முன்பு தன்னைச் சுற்றிச் சுற்றிப் பாடிய அதே கதாநாயகனுக்கு அம்மா வேடம். "அவருக்கு வருஷா வருஷம் முடி கறுத்துக்கிட்டே போச்சு டீச்சர், எனக்கு மட்டும் வெள்ள பூசுனாங்க" என்பார். போதுமடா சாமி என்று மூட்டை கட்டிக்கொண்டு கணவரிடமே வந்துவிட்டார். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவரைச் சொல்தா என்போம். மெல்லப் பேசுவார். மனைவி நடித்த படம் கொட்டகைக்கு வந்தால் தரை டிக்கெட்டில் போய் உட்காருவார்.

ஒரு நாள் சாயங்காலம் இருவரும் வந்தார்கள். சொல்தாவுக்கு நுரையீரலில் கட்டி. அறுவை செய்ய பிரான்சில் உள்ள பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பாரத்தை நிரப்பிக்கொண்டே வந்தேன். மனைவி பெயர் கேட்ட இடத்தில் நிமிர்ந்து, "கல்யாணம் பதிஞ்ச தாள் கொண்டாந்திருக்கீங்களா?" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது அவர்களுடைய பிரஜைக்குக் கல்யாணம் என்றால் மேரியில் பதிய வேண்டும். மேரி என்பது நகராட்சி. பதிவதற்கு முன்னால் பெண், மாப்பிள்ளை பெயரை எழுதி மேரி வாசல் பலகையில் பத்து நாள் ஒட்டி வைப்பார்கள், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லட்டும் என்று. அந்தப் பத்து நாளுக்குத்தான் அந்த அம்மாள் பயந்திருக்கிறார். யாராவது பார்த்துச் சினிமாப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டால்? கல்யாணமான கதாநாயகியை யார் பார்ப்பார்கள் என்று படமுதலாளி முன்பே மிரட்டி வைத்திருந்தார். அதனால் அம்பகரத்தூர் அம்மன் கோயிலில், முகூர்த்தமில்லாத ஒரு நாளில், ஒரு போட்டோகூட எடுக்காமல் தாலி கட்டிக்கொண்டு, மத்தியானமே ஷூட்டிங்குக்கு ரயில் ஏறியிருக்கிறார்.

"அவங்க பதிஞ்சிடலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் இந்தப் படம் முடியட்டும், அடுத்த படம் முடியட்டும்னு சொல்லிச் சொல்லியே ஓட்டிட்டேன்."

"இப்ப பதியலாமா டீச்சர்?" என்று சொல்தா கேட்டார். "புதுச்சேரி பிரெஞ்சுத் தூதரகத்துக்குத்தான போகணும்?"

அங்கேதான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். அந்த அம்மாளுக்குப் பிறப்புச் சான்று கிடையாது. நாடகக் கம்பெனி முகாம் போட்ட ஏதோ ஓர் ஊரில் பிறந்தவர். அதற்குக் கோர்ட்டு, வக்கீல் என்று இழுக்கும். "ரெண்டு மாசத்துல வந்துடப் போறீங்க. வந்து நிதானமா பதிஞ்சிக்கலாங்க" என்றேன். நெருங்கிய உறவு என்று கேட்ட இடத்தில் சொல்தாவுடைய அக்கா பெயரை எழுதினேன். என் கையாலேயே எழுதினேன்.

சொல்தா பிரான்சுக்குப் போன ஆறாவது வாரம் அக்கா வீட்டுக்குக் கடிதம் வந்தது. நிலைமை மோசம், நெருங்கிய உறவினர் வரலாம். அக்காவோ படுத்த படுக்கை. நானும் அந்த அம்மாளும் முதல் பஸ்ஸில் புதுச்சேரிக்கு ஓடினோம். மடியில் ஆல்பம் வைத்திருந்தார். கல்யாணப் படம் ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். வழியில் வாங்கித் திறந்து பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் மணக்கோலம்தான், எல்லாம் சினிமா. "சும்மா வர மனசு வரல" என்றார். எனக்கு அழுகை வந்தது, எரிச்சலும் வந்தது.

தூதரகத்தில் இருந்த அதிகாரி அந்த அம்மாளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். காப்பி வரவழைத்தார். சின்ன வயதில் அவர் படத்தை மூன்று தடவை பார்த்ததாகச் சொன்னார். ஆல்பத்திலிருந்த ஒரு மணக்கோலப் படத்தில் கையெழுத்துக்கூட வாங்கிக்கொண்டார். பிறகு கையைப் பிசைந்துகொண்டு, "நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்மா, ஊருக்கே தெரியும். ஆனா கல்யாணம் பதிஞ்ச தாள் வேணுமே" என்றார். அவர்மேல் கோபப்படவும் வழியில்லை. தெரிந்த பிரெஞ்சையெல்லாம் கொட்டிக் கெஞ்சினேன். அவரும் என்னைவிட நல்ல பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார்.

பதினோரு நாளில் சொல்தா போய்விட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

இறப்புத் தாள் அக்கா பெயருக்கு வந்தது. அந்த அம்மாள் அதை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "முழுசா படிங்க டீச்சர்" என்றார். வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பெயர், பிறந்தது காரைக்கால், அப்பா பெயர், அம்மா பெயர், பட்டாளத்தில் இருந்தவர். அடுத்த வரியில் திருமணமாகாதவர் என்று இருந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்லைங்க. திருமணமானவர்னு போட்டிருக்கு."

"எங்க?"

அவர் விரலைப் பிடித்து அந்தச் சொல்லின்மேல் வைத்தேன். அவர் விரலை எடுக்கவில்லை.

"டீச்சர்," என்றார் தாளைப் பார்த்தபடியே, "உங்களுக்கு நடிப்பு சுத்தமா வரல. எங்க டைரக்டர் பாத்திருந்தா உங்கள செட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் விரல் அங்கேயே இருந்தது. "பரவால்ல, இன்னொரு தடவ படிங்க" என்றார்.

பெயரிலிருந்து தொடங்கினேன். இந்த முறை அந்த வரியில் நிறுத்தாமல், திருமணமானவர் என்று படித்தேன்.