அடிக்காத மணி

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடம் சர்க்யூட் பலகைகளுக்கு ஈயத்தை உருக்கிச் சோல்டர் வைத்தவள் நான். வலது மணிக்கட்டில் நரம்புக்காக அறுவை சிகிச்சை செய்த பிறகு விரல்கள் மரத்துவிட்டன. சோல்டரிங் அயர்னைப் பிடித்தால் நுனி ஆடும். வேலையை விட்டேன். அடுத்த வருடமே, பஸ் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தது.

ஜார்ஜ் டவுனில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடியில். நான் மீன், காய்கறி வாங்கப் பசாருக்குப் போகும்போது அவர் என்னைக் கூப்பிட ஒரு மணி வேண்டியிருந்தது. பொத்தான் வைத்த பலகை ஒன்றும், கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் பலகை ஒன்றும் வாங்கினேன். இரண்டையும் சோல்டர் வைத்து இணைக்க என் கையால் ஆகாது. அதனால் ஸ்பிரிங் பின்கள் வாங்கினேன். நடுவில் லேசாக வளைந்த சின்னக் கம்பிகள். இரண்டு பலகைகளின் துளைகளுக்குள் அழுத்தினால் தாமே இறுகப் பிடித்துக்கொள்ளும். அவர் பொத்தானை அமுக்கியதும் சமையலறையில் என் கைப்பேசி அலறியது.

"கெட்டிக்காரிதான் லா நீ," என்றார் குழறலாக.

ஆறு வாரம் ஒரு குறையுமில்லை. அதைக் கட்டில் சட்டத்தில், அங்கே மாட்டியிருந்த விசிறிக்குப் பக்கத்தில் கட்டியிருந்தேன். தொழிற்சாலையில் எத்தனையோ அதிர்வுச் சோதனை பார்த்தவள், என் வீட்டு விசிறியை நினைக்கவில்லை.

ஒரு நாள் காலை பசாரில் நேரமாகிவிட்டது. திரும்பி வந்து கதவைத் திறந்தால், குளியலறை வாசலில் கிடந்தார். கைலி நனைந்திருந்தது.

"என்னங்க, எப்ப விழுந்தீங்க?"

"அமுக்கினேன்... அமுக்கிக்கிட்டே இருந்தேன். நீ வரல. நானே எழுந்திரிச்சேன்."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அவரை வார்டில் சேர்த்துவிட்டு வந்து பலகையைப் பார்த்தேன். விசிறியின் அதிர்வில் ஒரு பின் மட்டும் மயிரிழை அளவு மேலே வந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்திவிட்டுப் பொத்தானைத் தொட்டேன். கைப்பேசி அலறியது.

"விதி அண்ணி. மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க," என்றாள் நாத்தனார்.

என்னால் அப்படி விட முடியவில்லை. மறுநாள் வார்டில் அவரிடமே சொன்னேன்.

"பின்னு கழண்டுருச்சுங்க. நான்தான் சரியா பாக்கல."

அவர் வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இனிமே வெளிய போகாத," என்றார்.

அதன் பிறகு அவர் நடக்கவேயில்லை. பலகையைக் கடையில் கொடுத்துச் சோல்டர் வைத்து வாங்கினேன். அவர் அதைத் தொடுவதில்லை. நான் அடுப்படியில் இருந்தாலும் குரல்தான் கொடுப்பார். உடனே பதில் வராவிட்டால் அழுதுவிடுவார். மீனும் காய்கறியும் சனிக்கிழமைகளில் நாத்தனார் அக்கரையில் உள்ள செபராங் ஜெயாவிலிருந்து கொண்டுவருகிறாள்.