மேல்பிரிவுக்குப் போகும் றுகையா மிஸ்

றுகையா அரசாங்க மருத்துவிச்சி. றக்வானையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். காலையில் பஸ் ஏறி, தேயிலைத் தொழிற்சாலை வளைவில் இறங்கி, தோட்டத்தின் மேல்பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களுக்கு நடப்பார். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிள்ளைகளை நிறுப்பது, தடுப்பூசி போடுவது என்று இருபது வருடத்துக்கு மேலாக அதே மலை. வெள்ளைச் சேலை, வெள்ளை முக்காடு, ஒரு குடை, அட்டைக்கடிக்குத் தேய்க்க ஒரு துண்டு சவர்க்காரம். லயத்தில் எல்லோருக்கும் அவர் 'மிஸ்'.

2019 சித்திரையில் முஸ்லிம் தீவிரவாதிகள் சிலர் தேவாலயங்களில் குண்டுகளை வெடிக்க வைத்தார்கள். அதன் பிறகு பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து ஆசனம் காலியாகவே வந்தது. நிற்க இடமில்லாத பஸ்ஸிலும் யாரும் அதில் உட்காரவில்லை. வழக்கமாக அவருக்கென்று ஆசனம் பிடித்து வைக்கும் கண்டக்டர் ஒரு நாள் பையைத் திறந்து காட்டச் சொன்னான். காட்டினார். தராசு, பஞ்சு, விட்டமின் மாத்திரை, மதியச் சாப்பாடு. அவன் முகத்தைப் பார்க்காமலே "ஹரி மிஸ்" என்று சிங்களத்தில் சொல்லி நகர்ந்துவிட்டான். மறுநாளிலிருந்து அவன் கேட்பதற்கு முன்பே அவர் பையைத் திறந்துவிடுவார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கிளினிக் நாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில்தான் கிளினிக் நடக்கும். அன்று ஒருத்தியும் வரவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெயம்மா மட்டும் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டினாள்.

"என்ன ஜெயம்மா, யாரையும் காணோம்?"

"நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க மிஸ். ஒங்க ஆளுங்க ஊசி போட்டா பின்னால புள்ள பொறக்காதாம். போன்ல வருது. டவுன்லயும் அப்படித்தான் பேசிக்கிறாங்களாம்."

"நான் போடுற ஊசியா?"

"ஐயோ, ஒங்களச் சொல்லல மிஸ். பொதுவா சொல்றாங்க."

றுகையா குளிர்ப்பெட்டியை மூடிவிட்டு லயத்துக்கு நடந்தார். விஜயகலாவின் மகளுக்கு ஒன்பது மாத ஊசி போட வேண்டியிருந்தது. விஜயகலாவின் தலைப்பிள்ளை பிறந்த அன்று மண்சரிந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி ஏற முடியாமல் போனது. அந்த லயக் காம்பராவிலேயே பிரசவம் பார்த்தவர் றுகையாதான். இப்போது மாமியார் தங்கம்மா கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"அவ மலைக்குப் போயிட்டாளே மிஸ்."

உள்ளே குழந்தை சிணுங்கியது. யாரோ அவசரமாக அதன் வாயைப் பொத்தியது போல் சத்தம் அடங்கியது. தங்கம்மாவின் கண்கள் தரைக்குப் போயின.

"சரி, வந்தா சொல்லுங்க," என்றார் றுகையா.

அடுத்த கிளினிக்குக்குப் பெரிய டாக்டர் சந்திமா என்ற சிங்கள மருத்துவிச்சியையும் சேர்த்து அனுப்பினார். கொஞ்ச நாளைக்கு ஊசியை அவள் போடட்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். தாய்மார் வந்தார்கள். சந்திமாவுக்குத் தமிழ் வராது. அதனால் அவள் சொன்னதையெல்லாம் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டியது றுகையாவின் வேலையாயிற்று. காய்ச்சல் வந்தால் பயப்படாதீங்க, ஈரத்துணியால ஒத்தி எடுங்க, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீங்க. தாய்மார் தலையாட்டினார்கள், சந்திமாவைப் பார்த்து.

வீடு திரும்பியபோது கணவர் மஹ்ரூப் நேரத்தோடு கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். யாரும் வராத கடையைத் திறந்து வைத்து என்ன செய்ய. பேருவளையில் வாழ்க்கைப்பட்ட மகள் நுஹா போனில் இருந்தாள்.

"உம்மா, ட்ரான்ஸ்ஃபருக்கு எழுதுங்க. இங்க வந்து நம்மட ஆக்களோட இருங்க."

"பதினாலாம் ஆண்டு கலவரத்துல அந்தப் பக்கந்தானே மகள் நம்மட ஆக்கள்ட கடையெல்லாம் எரிஞ்ச?"

நுஹா, சாப்பிட்டீங்களா என்று பேச்சை மாற்றினாள். என்றாலும் றுகையா ட்ரான்ஸ்ஃபருக்கு எழுதிப் போட்டார்.

பதில் வருவதற்குள் கொரோனா வந்துவிட்டது. ஊரடங்கில் சந்திமாவால் வர முடியவில்லை. பஸ்ஸும் இல்லை. றுகையா கிடைத்த வாகனத்தில் தொற்றிக்கொண்டு போவார், கிடைக்காத நாளில் நடப்பார். மேல்பிரிவில் கதவுகள் திறந்தன. "வாங்க மிஸ், உள்ளுக்கு வாங்க" என்று பிளேன்டீ கொடுத்தார்கள். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கையை நீட்டினார்கள். முந்தைய வருடத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வருட முடிவில் மஹ்ரூபின் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர், கொழும்பில் கொரோனாவில் மௌத்தானார். மார்க்கப்படி அடக்கம் செய்ய அரசாங்கம் விடவில்லை, எரித்துவிட்டார்கள். மஹ்ரூப் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். சில நாட்களில் றுகையா வேலைக்குப் போனார்.

"கண்ணெல்லாம் வீங்கியிருக்கே மிஸ்?" என்றாள் ஜெயம்மா.

"தடிமன், சளி பிடிச்சிருக்கு," என்றார். சொல்லியிருக்கலாம். சொன்னால் ஜெயம்மா அழுவாள், அவளைத் தேற்ற வேண்டிவரும். அதற்கு அன்று அவரிடம் தெம்பு இல்லை.

ட்ரான்ஸ்ஃபர் கடைசியில் கிடைத்தது, பேருவளைக்கு அல்ல, பெல்மதுளைக்கு. அதற்குள் மஹ்ரூபுக்கு முழங்கால் வலியில் நடக்க முடியாமல் போய்விட்டது. அவரை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் தினமும் போய்வர முடியாது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். மேல்பிரிவில் இதைக் கேட்டவர்கள், மிஸ் எங்களை விட்டுப் போக மனமில்லாமல் நின்றுவிட்டார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை.

ஒரு பழக்கம் மட்டும் அவரோடு தங்கிவிட்டது. ஊசி போடுவதற்கு முன் மருந்துக் குப்பியைத் தாயின் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டி, பெயரைச் சத்தமாக வாசிப்பார். துணைக்கு இன்னொரு பெண்ணையும் நிற்கச் சொல்வார். புதிதாக வந்த இளம் தாய்மார், இந்த மிஸ் ரொம்பக் கவனம் என்று மெச்சுகிறார்கள்.

போன மாதம் விஜயகலா மூன்றாவது பிள்ளையைக் கொண்டுவந்தாள். அவள் கண்ணுக்கு நேரேயும் குப்பி உயர்ந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"எனக்கு எதுக்கு மிஸ் காட்டுறீங்க? அன்னைக்கு நான் உள்ளதான் இருந்தேன். அத்தைதான்... எனக்கு எவ்வளவு நாளா மனசு..."

கண் கலங்க ஆரம்பித்தது. றுகையா ஒரு கணம் அவளைப் பார்த்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டால், பரவாயில்லை என்று சொல்ல வேண்டும். பரவாயில்லை என்று சொல்ல அவரால் முடியாது, முடியாது என்று சொல்லவும் மனம் வராது.

"காலை இறுக்கிப் பிடிங்க கலா," என்றார். "ஆட்டிருவான்."

விஜயகலா பிடித்துக்கொண்டாள். பிள்ளை வீரிட்டு அழுதது. றுகையா பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தார். பெஞ்சில் இன்னும் ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

"அடுத்தது யாரு, வாங்க," என்றார்.